கிளினிக்குக்குப் போன அப்பாவுக்கு

அன்பு மாறாத என் அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதிப் பழகிய கை. உங்களுக்கு அப்படி எழுத முடியாது என்பது பேனையை எடுத்த பிறகுதான் உறைத்தது. சரி, எங்கள் நலத்தையாவது சொல்கிறேன். சின்னவனுக்கு முன்பல் விழுந்துவிட்டது. வட்டை வயல்களைப் பார்த்துக்கொள்ள, உங்கள் இடத்துக்குப் புது விதானையைத் தெரிவு செய்துவிட்டார்கள். எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் விடுவது என்று பேசப் போன முதல் கூட்டமே சண்டையில் முடிந்ததாம். உங்களைப் போல ஆட்களைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்க அந்த மனிதருக்குப் பொறுமை இல்லை என்கிறார்கள்.

உங்கள் ஆண்டுத் திவசம் வரப்போகிறது. இவ்வளவு காலமாக உங்களோடு எனக்கு ஒரு கோபம். கோபமா, கவலையா, பொறாமையா என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. நீங்கள் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டீர்கள் என்று நினைத்திருந்தால் அழுதுவிட்டு இருந்திருப்பேன். நீங்கள் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறீர்கள். எங்களிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் ஐம்பதைத் தாண்டிய யாருக்கும் ஒரு கிளினிக் இருக்கும். பிரஷர் கிளினிக், சீனிக் கிளினிக், கண் கிளினிக். வியாழக்கிழமை காலையில் நீங்கள் வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு, "கிளினிக்குக்குப் போயிட்டு வாறன்" என்று சொல்லிப் படலையைத் திறப்பீர்கள். பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடந்து, அக்கரையில் பஸ் பிடித்து, பின்னேரம் வாழைப்பழமும் கையுமாக வந்து சேருவீர்கள். எந்தக் கிளினிக் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? எனக்குத் தெரிந்தவரை நீங்கள் பொய் சொல்லுகிற ஆள் இல்லை. அந்த ஒரு சொல்லுக்குள் நீங்கள் உண்மையைச் சொல்லிக்கொண்டே ஒளிந்திருந்திருக்கிறீர்கள்.

வரம்பில் இருந்தபடியே உங்கள் மூச்சு நின்றுவிட்டது. இதயம் என்றார் டொக்டர். செத்தவீட்டுக்கு இக்கரை அக்கரை என்று சனம் வந்தது. தண்ணீர்ச் சண்டைக்காக உங்களிடம் வந்து போனவர்கள் எல்லாரும் வந்தார்கள். பெரியம்மா வாசலில் இருந்து வருகிறவர்களை ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டிருந்தார். என்ன முறை, எந்தக் குடி, ஆருடைய மகள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது, உங்களுக்குத் தெரியும்தானே.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தார். நாற்பது வயதிருக்கும். சாம்பல் நிறச் சேலை, கழுத்தில் சின்னச் சிலுவை. பெரியம்மா கேட்டார்:

"நீங்க என்ன முறை மனே?"

"ஐயாவத் தெரியும்."

"தெரியும் எண்டா? வட்டையிலயா, ஒபிசிலயா?"

"தெரியும் அம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் பின்வரிசையில் போய் இருந்துகொண்டார். பெட்டியை மூடும்போது சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்தினார். பிறகு ஒருவரிடமும் சொல்லாமல் போய்விட்டார். முறை இல்லாத ஒரு பெண் வந்து அழுதுவிட்டுப் போனதை அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கூட்டத்திலும் அழுகையிலும் எப்படித்தான் பார்த்தாரோ.

அதோடு போயிருக்கலாம். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற பூமணி அக்கா துக்கம் விசாரிக்க வந்து, நல்ல மனதோடு ஒரு கதை சொன்னார். "ஐயா மாசத்தில ஒரு செவ்வாய்க்கிழமை, பிரஷர் கிளினிக்குக்கு முதல் ஆளா வந்து நிப்பார்" என்றார். அம்மா தலையை நிமிர்த்தினார். "செவ்வாய்க்கிழமையா? வியாழன் இல்லையா?" என்று கேட்டார். வியாழக்கிழமைகளில் பிரஷர் கிளினிக் நடப்பதே இல்லை என்றார் பூமணி அக்கா.

வியாழக்கிழமையையும் அந்தப் பெண்ணையும் முடிச்சுப் போட்டு, மீதியைப் பெரியம்மா பார்த்துக்கொண்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க அவருக்கு எப்போது தெரிந்தது?

முப்பத்தோராம் நாள் அமுது படைக்க வேண்டும். உங்களுக்குப் பிடித்ததை எல்லாம் உங்கள் மனைவிதான் ஆக்க வேண்டும். அம்மா அடுப்படிப் பக்கமே வரவில்லை. நான் போய்க் கூப்பிட்டேன். "றால் போட்ட முருங்கைக்காய்க் கறிதானே அவருக்கு வேணும்? அவ வந்து ஆக்கட்டும்" என்றார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை அப்பா. சத்தம் போட்டிருந்தால் எனக்குப் பயமாக இருந்திருக்காது. கடைசியில் நானும் பெரியம்மாவும் ஆக்கிப் படைத்தோம். உப்புக் கூடிவிட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு அம்மா பின்வீட்டிலேயே கிடந்தார். எனக்குச் சீதனமாக இந்தப் பெரிய வீட்டை எழுதித் தந்துவிட்டு, ஊர் வழக்கப்படி நீங்கள் இரண்டு பேரும் போய் இருந்துகொண்ட அந்தச் சின்ன வீட்டில். உங்கள் படத்தை முகம் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார். நான் நேராக்கிவிட்டு வருவேன். மறுபடி திருப்பியிருக்கும். நாற்பது வருடம் சேர்ந்திருந்த மனிதரைப் பற்றி இப்படி நினைத்துக்கொண்டே அம்மாவும் போய்விடுவாரோ என்றுதான் எனக்குப் பதைத்தது.

அந்தப் பெண்ணை நான் தேடவில்லை. அக்கரையில் நான் படிப்பிக்கிற பாடசாலைக்கு அவரே வந்தார். ஆசிரியர்களுக்கு ஒரு நாள் வகுப்பு, பிள்ளைகளின் மனக்கஷ்டங்களை எப்படிக் கேட்பது என்று. அதிபர் அவரை உளவளத்துணையாளர் என்று அறிமுகப்படுத்தினார். புளியந்தீவில் ஒரு மாடி அறையில் வேலை செய்கிறாராம். அவரை இந்தக் கடிதத்தில் றொசாந்தி என்று எழுதுகிறேன். அது அவருடைய பெயர் இல்லை.

அன்று அவர் பேசியது முழுக்க இரகசியத்தைப் பற்றித்தான். நம்பிச் சொல்லப்பட்டதை வெளியில் விடக் கூடாது, ஆனால் அதற்கும் எல்லை உண்டு என்றார். சொல்கிற ஆள் தன் உயிருக்கு ஏதும் செய்துகொள்வார் போல் இருந்தால், இன்னொருவருக்கு ஆபத்து வரும் என்றால், ஒரு பிள்ளைக்குக் கொடுமை நடக்கிறது என்றால், நீதிமன்றம் கேட்டால், அப்போது வாய் திறக்கத்தான் வேண்டும் என்றார். முதல் சந்திப்பிலேயே இதைச் சொல்லிவிட வேண்டுமாம். வேலிக்கு எங்கே கடவை இருக்கிறது என்று முன்கூட்டியே காட்டிவிட வேண்டும் என்றார். நான் ஒன்றையும் எழுதவில்லை. அவருடைய கழுத்துச் சிலுவையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிளேன்ரீ குடிக்கிற நேரம் விறாந்தையில் பிடித்துக்கொண்டேன்.

"மிஸ், எங்கட அப்பாட செத்தவீட்டுக்கு வந்த நீங்கதானே?"

"ஓம் டீச்சர். வந்தன்."

"வியாழக்கிழமைகளில உங்களிட்டயா வந்தவர்?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "ஆர் என்னட்ட வந்தாங்க, ஆர் வரல்ல எண்டு நான் ஒருத்தருக்கும் சொல்லுறல்ல. ஆரப் பத்திக் கேட்டாலும் இதான் மறுமொழி."

"அவர் செத்துப்போனார் மிஸ். செத்த ஆளுக்கு என்ன ரகசியம்?"

"செத்த ஆளுக்குத்தான் கூட. இனி அவரிட்டப் போய்ச் சொல்லட்டுமா எண்டு கேக்க ஏலாதே."

எனக்குக் கோபம் வந்தது. ஊரே உங்களையும் அவரையும் சேர்த்துக் கதைக்கிறது, உங்கள் இரண்டு பேருடைய பெயரும் போகிறது, அம்மா சாப்பிடாமல் கிடக்கிறார் என்று சொன்னேன். அவருக்கு முகம் கறுத்துவிட்டது. அப்படியும் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. "பொதுவாச் சொல்லுறன்" என்று தொடங்கினார். "பொதுவா எங்களிட்ட வாற ஆக்கள் இறந்தா நாங்க போறல்ல. போனா இப்பிடித்தான் ஆகும். போறது பிழை. மனம் கேக்காமப் போயிட்டா, அதுவும் பிழைதான்."

பொதுவாகச் சொன்னதாம். அந்தப் பொதுவுக்குள் நீங்கள் இருந்தீர்கள் என்று எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் விளங்கியதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நான் கேட்க நினைத்ததும் அது இல்லை. வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "என்னப் பத்தி ஏதும் சொன்னாரா?"

"ஓம் எண்டாலும் இல்ல எண்டாலும், வந்தவர் எண்டு ஆகிடுமே டீச்சர்" என்றார். இதை மிகவும் மெதுவாகச் சொன்னார்.

அன்று பாதையில் திரும்பி வரும்போது ஒன்றை நினைத்து ஆறுதல் பட்டேன். உங்கள் உயிருக்கு ஆபத்து என்று அவர் நினைத்திருந்தால் எங்களைத் தேடி வந்திருப்பார். வரவில்லை. அப்படியென்றால் நீங்கள் அந்த அளவுக்குப் போகவில்லை. அவர் எங்களிடம் பேசாமல் இருந்ததே எனக்கு ஒரு மறுமொழி. ஆனால் அப்படி இல்லையென்றால் வேறு என்ன இருந்தது? வீட்டைத் தந்துவிட்டுப் பின்வீட்டுக்குப் போனது உங்களுக்கு இடித்ததா? வருடக் கணக்காக ஊரார் வழக்கையெல்லாம் கேட்டதில் உங்கள் காது நிறைந்துவிட்டதா? எல்லாரும் உங்களிடம் வருவார்கள், நீங்கள் யாரிடம் போவீர்கள் என்று நாங்கள் ஒரு நாளும் யோசித்ததில்லை. எனக்குத் தெரிந்த அப்பா மத்தியானம் செய்தி கேட்டுவிட்டுத் தூங்குகிற அப்பா. மாடிப்படி ஏறிப் போன அந்த இன்னொரு அப்பா என்ன பேசினார்?

அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அந்தச் சந்தேகம் போகும். ஆனால் நீங்கள் மறைத்ததை நான் திறந்துவிடுவேன். றொசாந்தி மிஸ்ஸுக்கு ஒரு சட்டம் இருக்கிறது, எல்லை இருக்கிறது. மகளுக்கு என்ன எல்லை? அதை எந்த வகுப்பில் சொல்லித் தருகிறார்கள்? பல வாரம் இந்தக் குழப்பத்தோடேயே கரும்பலகையில் கணக்குப் போட்டேன். பிள்ளைகள்தான் பிழைகளைத் திருத்தினார்கள்.

கடைசியில், நித்திரை வராததற்கு ஆள் பார்க்கலாம் என்று சொல்லி அம்மாவை அந்த மாடிக்கே கூட்டிக்கொண்டு போனேன். நேருக்கு நேர் பார்த்தால் ஏதாவது வழி பிறக்கும் என்ற எண்ணம். கதவைத் திறந்தது றொசாந்தி மிஸ்தான். அம்மா படியிலேயே நின்றுவிட்டார்.

"இவதானே" என்றார் என்னிடம்.

றொசாந்தி மிஸ் எங்கள் இருவரையும் உள்ளே இருக்கச் சொன்னார். நான் நித்திரைக் கதையைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, "அம்மா, உங்கள அடுத்த அறையில இருக்கிற மிஸ் பார்ப்பா. நல்லவ. நான் உங்களப் பார்க்கிறது முறையில்ல" என்றார்.

அவர் முறையாகத்தான் சொன்னார். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கும். ஆனால் யாரிடம் போய் என்ன சொல்லைச் சொன்னார், பாருங்கள். பெரியம்மாவின் தங்கை அல்லவா அம்மா. கலியாணப் பேச்சு எடுக்கிற வீட்டில் 'முறையில்லை' என்று ஒரு சொல் விழுந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். இரண்டு பக்கத்துக்கும் ஏற்கெனவே ஒரு உறவு இருக்கிறது, ஒரே குடி, அண்ணன் தங்கை முறை, ஆகவே இது கூடாது. அந்நியருக்கு முறையும் இல்லை, முறையில்லை என்பதும் இல்லை.

அம்மா அந்தச் சொல்லை வாய்க்குள் மென்றார். "முறையில்ல எண்டா?" என்று கேட்டார். பிறகு அவரே சொன்னார்: "என்னப் பார்க்கிறது முறையில்ல எண்டா, என்ட வீட்டு ஆள் ஒருத்தர நீ ஏற்கெனவே பார்த்திருக்காய். அப்பிடித்தானே மனே?"

றொசாந்தி மிஸ் வாயில் கை வைத்தார். தான் காத்த வேலியைத் தானே திறந்துவிட்டது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. கண் கலங்கிவிட்டது அவருக்கு. அம்மா எழுந்து போய் அவருடைய கையை வாயிலிருந்து எடுத்துவிட்டார். "நீ ஒண்டும் சொல்லல்ல. நானும் ஒண்டும் கேக்கல்ல" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இந்தக் கிளினிக்கா மனே?" என்று கேட்டார்.

அம்மாவுக்கு நிம்மதி வந்துவிடும் என்று நினைத்தேன். பாதையில் வரும்போது தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வாவியின் நடுவில்தான் வாய் திறந்தார்.

"வேற பொம்புள எண்டிருந்தா அவள ஏசியிருப்பன். அவரையும் ஏசியிருப்பன். இதுக்கு ஆர ஏசுற?"

"ஆரையும் ஏச வேணாம் அம்மா."

"பக்கத்துல படுத்திருந்த என்னட்டச் சொல்ல ஏலாததா? நான் என்ன செஞ்சிருப்பன்? அழுதிருப்பன். மறுகா ஒரு தேத்தண்ணி போட்டுக் குடுத்திருப்பன்."

இதற்கு என்ன மறுமொழி அப்பா? அம்மா அழுவார் என்பதற்காகத்தான் சொல்லவில்லையா? அல்லது எங்களுக்குச் சொல்ல முடியாதபடி நாங்கள் உங்களுக்கு மிக நெருக்கமாக இருந்துவிட்டோமா? நெருக்கம் கூடினால் சொல்வது குறையுமா? நான் என் பிள்ளைகளைப் பார்க்கிறபோதெல்லாம் இது மனதில் வந்து நிற்கிறது.

உங்கள் படம் இப்போது நேராக இருக்கிறது. அம்மா வியாழக்கிழமைகளில் வெளிக்கிடுகிறார். அடுத்த அறை மிஸ்ஸிடம் போகிறார். போகும்போது ஊருக்குக் கேட்கிறபடி, எந்தக் கிளினிக் என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் போகிறார். பெரியம்மாவுக்கு இனிக் கதைக்க ஒன்றும் மிஞ்சவில்லை.

வந்ததும் நான் கேட்பேன், என்ன கதைத்தீர்கள் என்று. "பொதுவாக் கதைச்சன்" என்று சிரிப்பார். இப்போது உங்கள் இரண்டு பேருடைய கதையும் அந்த மாடியில் அடுத்தடுத்த அறைகளில் இருக்கிறது. நான் இக்கரையில் சோறாக்கிக்கொண்டு நிற்கிறேன். சந்தோசப்பட வேண்டிய எனக்கு ஏன் வயிறு எரிகிறது?

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்பலாமா என்று ஒரு யோசனை. எங்களைப் போல் குழம்பி நிற்கிற வீடுகள் இன்னும் இருக்கும்தானே. ஆனால் எழுதி முடித்து வாசித்துப் பார்த்தபோது பயம் பிடித்தது. றொசாந்தி மிஸ் தன் பெயர் கெட்டபோதும் காத்ததை நான் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேனே. உங்கள் பெயரையும் ஊரையும் எழுதவில்லை. ஆனால் படுவான்கரையில் வரம்பில் இருந்து இறந்த வட்டை விதானைகள் எத்தனை பேர்?

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முடிந்ததும், "அவர்ர பேரப் போடாத" என்றார். போடவில்லை என்றேன்.

"என்ட பேரப் போடு."

"அம்மா, உங்கட பேரப் போட்டா அப்பா ஆரெண்டு எல்லாருக்கும் தெரிஞ்சிடும்."

"தெரியட்டும். அவர் சொல்லல்ல, அந்த மிஸ் சொல்லல்ல, நான் சொன்னதாத் தெரியட்டும். அவர்ர பாரம் ஒண்டு என்ட தலையிலயும் இருக்கட்டன்."

இது சரியா பிழையா என்று எனக்குத் தெரியவில்லை அப்பா. உங்களிடம் கேட்கவும் முடியாது. ஆனால் நாற்பது வருடத்தில் முதல் தடவையாக அம்மா உங்களுக்காக ஒன்றைச் சுமக்கக் கேட்டு, அதை நான் தடுக்கவா?

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். நீங்கள் அங்கே என்ன பேசினீர்கள் என்று இனி யாரிடமும் கேட்க மாட்டேன். அம்மாவிடமும் கேட்க மாட்டேன் என்று எழுதத்தான் கை ஓடுகிறது, என்னை நம்ப முடியாது. வருகிற வியாழன் கேட்க மாட்டேன். அதற்கு அடுத்த வியாழன் வரும்போது இதே வாக்கைத் திரும்பவும் தருகிறேன்.

இப்படிக்கு,
நேசம்மாவின் மூத்த மகள்